மூன்றாம் லைனில் பத்து நிமிடம்

அந்தக் காய்ச்சலில் பிழைத்தவர்களில் பாதிப் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுவிட மறந்துபோயிற்று. விழித்திருக்கும்வரை ஒரு வித்தியாசமும் தெரியாது. பேசுவார்கள், மாடிப்படி ஏறுவார்கள், சண்டை போடுவார்கள். கண் அயர்ந்ததும் மூளை மார்புக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடும். முதல் வருஷம் எத்தனை பேர் அப்படிப் படுக்கையிலேயே போனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பிறகுதான் அந்தக் கருவி வந்தது. கழுத்தின் அடிப்பக்கத்தில் மூச்சு நரம்பின்மேல் உட்கார்ந்துகொண்டு, ஆள் தூங்கியதும் மூளைக்குப் பதிலாக அது சொல்லும்: இழு, விடு, இழு, விடு. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருந்தது. நெல்மணி அளவே இருந்ததால் கோயமுத்தூர்ப் பக்கம் எல்லோரும் அதை 'நெல்லு' என்றார்கள். "உங்களுக்கு நெல்லு வெச்சாச்சுங்களா?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரரைக் கேட்பது சாதாரணமாகிவிட்டது.

சூலூருக்கு அப்பால் அந்த நெல்லைச் செய்கிற ஆலையில் துளசிமணிக்கு வேலை. தரப் பிரிவில் மாற்றங்களுக்குப் பொறுப்பு. 'சேஞ்ச் கன்ட்ரோல் மேடம்' என்றால் கேட்டில் நிற்கும் காவலாளிக்கும் தெரியும். உடம்புக்குள் போகிற பொருள் என்பதால் அங்கே எதைச் செய்யவும் எழுதிவைத்த முறை உண்டு. அதில் ஒரு சொட்டுப் பசையைக் கூட்டுவதென்றாலும் படிவம் எழுதி, காரணம் சொல்லி, சோதித்துப் பார்த்து, ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட பிறகே மாற்றலாம். ஐந்தாவது கையெழுத்து துளசிமணியுடையது. ஆலை தொடங்கிய நாளிலிருந்து நான்கு வருஷமாக ஒரு கட்டம் நிரப்பாமல் விட்ட படிவத்தைக்கூட அவள் ஏற்றுக்கொண்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் முன்னால் இருந்த திரையில் ஒரு சிவப்பு வரி நின்றது. கம்பெனி புதிதாக வாங்கிப் போட்டிருந்த கண்காணிப்பு மென்பொருள் அனுப்பியது. ஒவ்வொரு தொழிலாளியின் கையசைவையும் எழுதிய முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. சேமித்து வைத்திருந்த பழைய வீடியோக்களையும் ஒன்றுவிடாமல் பார்த்து முடித்திருந்தது.

லைன் 3, சீல் வைக்கும் இடம். முறையில் இல்லாத நிறுத்தம், சராசரி பத்து நிமிடம். கண்ட நாட்கள்: 911.

துளசிமணி வீடியோவைத் திறந்தாள். வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்ட ஒரு பெண் அடுப்பிலிருந்து தட்டை எடுக்கிறாள். அதில் நாற்பது நெல். எடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மேலே பிசினை ஊற்றி மூடிவிடவேண்டும் என்பது முறை. இவள் ஊற்றவில்லை. தட்டைப் பக்கத்து மேசையில் வைத்து மேலே ஒரு மூடியைக் கவிழ்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். வேறு வேலை செய்கிறாள். பத்து நிமிடம் கழித்து வந்து ஊற்றுகிறாள். இன்னொரு நாள் வீடியோ. அதேதான். போன வருஷத்து வீடியோ. அதற்கு முந்தின வருஷம். எல்லாவற்றிலும் அதே தட்டு, அதே மூடி, அதே கடிகாரப் பார்வை.

தொள்ளாயிரத்துப் பதினொரு நாள். நாளைக்கு நாற்பது. முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் நெல், யாருக்கும் தெரியாத ஒரு முறையில் செய்யப்பட்டு, முப்பத்தாறாயிரம் கழுத்துக்குள் போயிருந்தது.

அவள் கணவன் நாச்சிமுத்துவின் கழுத்திலும் நெல்லு உண்டு; அதோடு தந்த அட்டையின் எண் மூன்றில் தொடங்கும். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அதைப் படித்துச் சொன்னவளே அவள்தான். முதல் எண் லைன் எண்.

 எழுந்து நேராக லைனுக்குப் போனாள்.

சீல் வைப்பவள் பெயர் கோகிலவாணி. ஐம்பதை நெருங்கியவள், அதிர்ந்து பேசாதவள். ஒரு நாளும் லீவு போடாதவள் என்று சூப்பர்வைசர் சொன்னார். கண்ணாடி அறைக்கு வெளியே அவளைக் கூப்பிட்டு நிறுத்தினாள் துளசிமணி.

"அடுப்புல இருந்து எடுத்ததும் எதுக்குத் தட்ட வெளிய வெக்கறீங்க?"

கோகிலவாணியின் முகம் வெளிறியது. முகமூடியை இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினாள்.

"ஆறட்டும்னு வெக்கறனுங்க மேடம்."

"ஆறவெக்கச் சொல்லி எங்க எழுதியிருக்கு?"

"எழுதலீங்க. சூடா இருக்கறப்ப ஊத்துனா பிசின் வெடுக்குன்னு இறுகிக்குதுங்க. அப்பறம் ஆறறப்ப உள்ளுக்குள்ள இழுக்குது. கண்ணுக்குத் தெரியாதுங்க, ஆனா வெரல்ல தெரியும். வழவழன்னு இல்லாம..."

"வெரல்ல தெரியுமா? மைக்ராஸ்கோப்ல பாஸ் ஆனதுங்க அது. உங்க வெரலுக்கு என்ன தெரியும்?" துளசிமணியின் குரல் அவளையறியாமல் உயர்ந்துவிட்டது. லைனில் எல்லாத் தலைகளும் திரும்பின. "பத்து நிமிஷம் வெளிய வெச்சா காத்துல இருக்கற ஈரம் உள்ள போயிருக்காதா? மூணு வருஷம் கழிச்சு அது ஒருத்தன் கழுத்துல என்ன பண்ணும்னு யோசிச்சீங்களா?"

கோகிலவாணி முகமூடியை இழுத்து மூக்குவரை ஏற்றிக்கொண்டாள். 

விதி என்ன சொல்கிறதோ அதைத் துளசிமணி செய்தாள். அனுமதியில்லாத மாற்றம் கண்டால் உடனே பழைய முறைக்குத் திருப்பவேண்டும். பத்தே முக்காலுக்கு உத்தரவு எழுதி, கையெழுத்துப் போட்டு, லைன் சுவரில் ஒட்டினாள். கோகிலவாணியை விசாரணை முடியும்வரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் இடத்தில் இரண்டாம் லைன் ஆள் ஒருத்தி உட்கார்ந்து, அடுப்பிலிருந்து எடுத்ததும் சுடச்சுட ஊற்றத் தொடங்கினாள். ஆலையில் அவ்வப்போது எடுத்துவைத்திருந்த மாதிரி நெல்களில் மூன்றாம் லைனுடையதை எடுத்து உப்புத்தண்ணீர்ப் பெட்டியில் போடச் சொன்னாள் துளசிமணி. உடம்புக்குள் மூன்று வருஷத்தில் நடப்பதை அந்தப் பெட்டி ஐந்து வாரத்தில் நடத்திக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க மற்ற இரண்டு லைன் மாதிரிகளும் வேண்டும் என்று லேபில் இருந்த இம்மானுவேல் கேட்டான். சரி, போடு என்றாள்.

மத்தியானம் அரைநாள் விடுப்பு எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

நாச்சிமுத்து டவுன் பஸ் டிரைவர். அதிகாலை டூட்டி முடித்து வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்குப் படுப்பான். அவள் போனபோது தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபேன் காற்றில் பனியன் அசைந்ததா, மார்பு அசைந்ததா என்று தெரியவில்லை. எழுந்து ஃபேனை நிறுத்தினாள். இப்போது தெரிந்தது. ஏறியது. இறங்கியது. அடுத்தது வருவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது. வந்தது. எண்ணத் தொடங்கினாள். இருநூற்று நாற்பதாவது மூச்சில் அவன் வேர்த்துப்போய் எழுந்தான்.

"ஏம்மிணி, கரண்ட் போயிருச்சா?"

"இல்லீங்க. நாந்தான் நிறுத்துனேன்."

"என்னாச்சு? மூஞ்சி எப்படியோ இருக்குது?"

சொல்லக்கூடாது. விசாரணை முடியாத விஷயத்தை வெளியே சொன்னால் வேலை போகும். அதுவும் அவளே எழுதிய விதி. அவனுடைய கழுத்தில் இருந்த சின்னத் தழும்பைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தூக்கத்துல எப்பவாச்சும் முட்டறாப்பல இருக்குதுங்களா?"

"எனக்கா? நான் கட்டைல படுத்தாப்பல தூங்கறேன்." சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து அவனுடைய சிரிப்பும் மெல்ல அடங்கியது. கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. "மணி. என்ற நெல்லுல ஏதாச்சுமா?"

"தெரியலீங்க. தெரியற வரைக்கும் நான் இல்லாதப்ப தூங்காதீங்க."

 அன்றிலிருந்து அந்த வீட்டில் தூக்கம் என்பது ஒரு வேலையாகிவிட்டது. அவள் ஆபீசிலிருந்து வரும்வரை அவன் டீக்கடையிலும் பூங்காவிலும் கண்ணெரிய உட்கார்ந்திருப்பான். அவள் வந்ததும் படுப்பான். அவள் எண்ணுவாள். படுத்தபிறகும் வெகுநேரம் இருவரும் பாசாங்கு செய்தார்கள். அவன் தூங்குவதாக, அவள் புத்தகம் படிப்பதாக.

மறுவாரம் ஆலை மேலாளர் சம்பத் அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"அந்த ரிப்போர்ட்ட அரசாங்கத்துக்கு அனுப்பப் போறீங்களாமே?"

"அனுப்பித்தான் ஆகணும் சார். விதி அது."

"உக்காருங்க துளசிம்மா. நான் ஒண்ணு கேக்கறேன். தப்பு எப்ப தெரிஞ்சுதோ அப்பவே பழையபடி மாத்திட்டீங்க. நல்லது. இனிமே எல்லாம் முறைப்படி நடக்குது. இத்தோட விட்டா என்ன?"

"ஏற்கெனவே போனது முப்பத்தாறாயிரம் சார்."

"ஒருத்தராச்சும் புகார் பண்ணியிருக்காங்களா? இல்ல. நீங்க எழுதி அனுப்புனா ஆலைய நிறுத்துவாங்க. தென்னிந்தியா பூராவும் நெல்லு வேற எங்கேயும் செய்யல. வரிசைல காத்திருக்கறவன் தூங்கறதுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?"

 அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. எழுந்தாள். தன் மேசைக்கு வந்து, ரிப்போர்ட்டை இன்னொரு முறை படித்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். 

ஆலையை நிறுத்தவில்லை. பெட்டி சோதனை முடிவு வரட்டும், அதுவரை பழைய முறைப்படியே நடத்துங்கள் என்று பதில் வந்தது.

ஐந்தாவது வாரக் கடைசியில் இம்மானுவேல் போன் செய்தான். "மேடம், கொஞ்சம் லேபுக்கு வாங்க." அவன் எப்போதும் போனிலேயே எண்களைச் சொல்லிவிடுகிறவன்.  படியிறங்கும்போது நாச்சிமுத்துவுக்கு மறுபடி ஆபரேஷன் என்றால் யாரிடம் போவது, மாற்று நெல் கிடைக்கும்வரை எப்படி வைத்திருப்பது என்று துளசிமணியின் மனம் தன்பாட்டில் ஓடியது.

இம்மானுவேல் மூன்று கண்ணாடித் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தான். பெரிதாக்கிய படம் திரையில் இருந்தது.

"இது மூணாம் லைன். நூறு மாதிரி போட்டோம்."

"எத்தனை போச்சு?"

"ஒண்ணுகூட இல்ல மேடம். எல்லாம் ஓடுது."

 அவள் கண்ணில் நீர் முட்டியது. நாச்சிமுத்து பிழைத்தான். உடனே போன் செய்து, பகலோ இரவோ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்குங்கள் என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. இம்மானுவேல் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது ஒண்ணாம் லைன், இது ரெண்டாம் லைன்," என்றான். "முறைப்படி செஞ்சது."

படத்தில் பிசினுக்குள் தலைமுடியைவிட மெல்லிய கோடுகள் ஓடின. வாடிய இலையின் நரம்புபோல.

"நூத்துக்குப் பதினேழு கீறல் விட்டிருக்கு. உப்புத்தண்ணி உள்ள போயிருச்சு. ஒரேயடியா நிக்கல மேடம். விட்டு விட்டு நிக்குது. ஒரு தடவ சொல்லும், அடுத்த தடவ சொல்லாது. அப்பறம் சொல்லும். நாளாக நாளாகச் சொல்லாதது ஜாஸ்தியாகுது. சூடா ஊத்துனதாலதான். அந்தம்மா சொன்னது சரி."

ஒன்றும் இரண்டும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் நெல் வெளியே போயிருந்தது. அத்தனையும் ஐந்து கையெழுத்தோடு.

"கடைசியா இன்னொண்ணு," என்றான் அவன். சொல்லத் தயங்கினான். "போன அஞ்சு வாரத்துல மூணாம் லைன்ல செஞ்சதயும் சும்மா பாத்தேன். அதுலயும் கோடு ஆரம்பிச்சிருக்கு."

ஆயிரத்து நூற்று அறுபது. ஒழுங்காக வந்துகொண்டிருந்ததை அவள் உத்தரவு போட்டுக் கெடுத்தது. அதில் எத்தனை ஏற்கெனவே கழுத்துகளுக்குள் போய்விட்டது என்று அவளுக்கு அப்போது தெரியாது. மாலைக்குள் தெரிந்துகொண்டாள்: எழுநூற்றுப் பத்து.

மூன்று லைனையும் நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிசின் ஊற்றும் கை தெரிந்தவள் ஒருத்திதான். அவள் வந்தாகவேண்டும்.

கோகிலவாணியின் வீடு இருகூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், வரிசை வீடுகளில் கடைசி. மூன்று மணி வெயில். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் துளசிமணியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வேலையை விட்டு நீக்கிய காகிதம் கொண்டுவந்திருப்பதாக நினைத்திருக்கவேண்டும். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துத் துடைத்து நின்றாள்.

"உங்களத் திரும்பக் கூப்பிட வந்திருக்கேன்," என்றாள் துளசிமணி. "நீங்க செஞ்சதுதான் சரி. ஆறவெச்சது எதுவும் கீறல் விடல. ஒண்ணாம் லைன், ரெண்டாம் லைன்ல சூடா ஊத்துனதுதான்..."

அவள் முடிக்கவில்லை. கோகிலவாணி திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். நடக்கவில்லை, ஓடினாள். உள்ளறையில் ஏதோ உருண்டு விழுந்தது.

"யாழினி! ஏய் யாழினி! எந்திரி கண்ணு, எந்திரி!"

துளசிமணி பின்னாலேயே போனாள். பாயில் இருபது வயசுப் பெண் ஒருத்தி எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள்.

"என்னம்மா? ராத்திரி பூரா மில்லுல நின்னுட்டு வந்திருக்கேன், தூங்க விடேன்."

அவள் கழுத்தில் தழும்பு இருந்தது.

"அவளுது ஒண்ணாம் லைனுங்க," என்றாள் கோகிலவாணி, துளசிமணியைத் திரும்பிப் பார்க்காமல். "ரெண்டு வருஷம் எட்டு மாசமாச்சு."

 யாழினி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். துளசிமணி கோகிலவாணியிடம் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் மத்த லைன்காரங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னனுங்க. அந்தப் புள்ளைங்க செய்யமாட்டேன்னுட்டாங்க. படிவம் இல்லாம செஞ்சா சேஞ்ச் கன்ட்ரோல் மேடம் வேலைய விட்டே தூக்கிருவாங்கன்னு பயந்துட்டாங்க."

"அப்ப படிவம் எழுதிக் குடுத்திருக்கலாமே."

கோகிலவாணி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"குடுத்தனுங்களே மேடம். உங்க கையிலதான் குடுத்தேன்."

துளசிமணிக்கு அப்படி ஒரு படிவம் நினைவில் இல்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னாடிங்க, மூணாம் லைன் தொடங்குன புதுசுல. என்ற மவளுக்கு வெக்கறதுக்கும் முன்னாடி. ரெண்டு நாளைக்கப்பறம் திருப்பி அனுப்பிட்டீங்க. நாலாவது கட்டத்துல ஆதாரம் எழுதலீன்னு. எனக்கு என்ன ஆதாரம் எழுதறதுன்னு தெரியலீங்க. வெரல்ல தெரியுதுன்னு எழுதுனா சிரிப்பாங்க. அப்பறம் நானா என்ற லைன்ல மட்டும் ஆறவெச்சு ஊத்துனேன். நீங்க வேண்டாம்னு சொன்னப்பறமும் செஞ்சேன்னு தெரிஞ்சா இன்னும் பெரிய தப்பாயிருமேன்னுதான் அன்னைக்கு வாயத் தொறக்கல."

துளசிமணி அங்கிருந்து எப்படி ஆலைக்கு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. திருப்பி அனுப்பிய படிவங்களுக்குத் தனிக் கோப்பு உண்டு, யாரும் திறப்பதில்லை. நாற்பது நிமிடம் தேடியதில் கிடைத்தது. நீல மையில், கோணலான தமிழில், ஒரு பக்கம். 'பிசின் ஊற்றுவதற்கு முன் தட்டை பத்து நிமிடம் ஆறவைத்தால் நல்லது. சூட்டில் ஊற்றினால் உள்ளே இழுக்கிறது.' நான்காவது கட்டம் காலி. கீழே சிவப்பு மையில், 'முழுமையற்றது. திருப்பி அனுப்பப்படுகிறது.' அதன் கீழே அவளுடைய கையெழுத்து, தேதியோடு. அந்த நாளில் என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சாதாரண நாளாக இருந்திருக்கவேண்டும். மதியம் சாப்பிட்டிருப்பாள். இந்தக் காகிதத்துக்கு ஒரு நிமிடம் செலவழித்திருப்பாள்.

அதோடு நிற்காமல் புகார்க் கோப்பையும் திறந்தாள். அந்த மூன்று வருஷத்தில் தூக்கத்தில் இறந்துபோன ஒன்பது பேரின் குடும்பங்கள் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருந்தன. ஒன்பதுக்கும் ஒரே பதில் போயிருந்தது: கருவி அங்கீகரிக்கப்பட்ட முறைப்படி செய்யப்பட்டது, மாற்றம் ஏதுமில்லை. புகார் எதுவும் இல்லை என்று சம்பத் சொன்னபோது மூன்றாம் லைனைத்தான் சொல்லியிருக்கிறார். இந்த ஒன்பதும் ஒன்று, இரண்டு.

சம்பத் வந்து பார்த்தபோது அவள் தரையில் காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். படிவத்தை வாங்கிப் படித்தார். அவர் முகமும் வெளுத்துப்போயிருந்தது.

"கீறல் விஷயத்த மறைக்க முடியாது. அறிவிச்சிரலாம்," என்றார். "ஆனா இந்தக் காகிதம் வெளிய போகவேண்டாம். இது போனா கம்பெனிக்கு முன்னாடியே தெரியும்னு ஆயிரும். உங்களத்தான் மொதல்ல உள்ள வெப்பாங்க. யோசிங்க. இத யாரும் கேக்கப்போறதில்ல."

"எனக்குப் பயமாத்தான் சார் இருக்குது," என்றாள் துளசிமணி. கையை நீட்டினாள். "குடுங்க அத."

கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். அவள் அதை ரிப்போர்ட்டின் முதல் இணைப்பாக வைத்தாள். ஒன்பது கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்தாள். பிறகு புதிய மாற்றப் படிவம் ஒன்று எடுத்து, 'மாற்றம் கோருபவர்' என்ற இடத்தில் கோகிலவாணியின் பெயரையும், அதற்குப் பக்கத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதியையும் எழுதினாள்.

அறிவிப்பு வந்த மறுநாள் ஊரே மாறிப்போயிற்று. ஒன்று, இரண்டில் தொடங்கும் அட்டை வைத்திருந்தவர்களும், அந்த ஐந்து வாரத்து மூன்றாம் லைன் நெல்லு வைத்தவர்களும் தூங்கப் பயந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்து ஒருவரையொருவர் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் மாட்டுகிற மூச்சுக் கருவிகள் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டன. பிறகு மெல்ல ஒரு வழக்கம் உண்டாயிற்று. நெல்லு வைத்தவர்கள் இரவில் விழித்திருந்து பகலில் தூங்கினார்கள், மற்றவர்கள் முழித்திருக்கும் நேரம் அதுதானே. பள்ளிக்கூட ஹாலிலும் கல்யாண மண்டபத்திலும் பாய் விரித்து நூறு நூறு பேர் படுத்திருக்க, நடுவில் நாலு பேர் நடந்துகொண்டே இருப்பார்கள். அப்படியும் செத்துப்போனவர்கள் உண்டு. காவலிருந்தவர் வாசலில் பால் வாங்கப் போன நேரத்தில் போனார்கள்.

துளசிமணியை உள்ளே வைக்கவில்லை. வழக்கு நடக்கும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். தெருவில் சிலர் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நாள் காலை கேட்டில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். நாச்சிமுத்து ஒன்றும் சொல்லாமல் கழுவிவிட்டான். அவனுடைய நெல்லு நன்றாக ஓடியது. அவன் தூங்கும்போது அவளுக்கு அவனைப் பார்க்கக் கூசியது.

ஆலையில் மூன்று லைனும் மூன்று ஷிப்டும் ஓடின. கோகிலவாணி பகல் ஷிப்டில் தானும் ஊற்றி, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தாள். பழைய நெல் வைத்திருப்பவர்களுக்கே மாற்று முதலில் என்று வரிசை போட்டிருந்தார்கள். யாழினியின் முறை வர ஏழு மாதம் ஆகும் என்று சொன்னார்கள். தினமும் நாற்பது நாற்பதாகத் தன் கையால் மூடி அனுப்புகிறவள், அதில் ஒன்றைக் கேட்டு வாயைத் திறந்ததில்லை. அவள் வேலைக்குப் போனால் பகலில் மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அது தெரிந்த அன்றே துளசிமணி காலை ஏழு மணிக்கு இருகூர் வீட்டு வாசலில் போய் நின்றாள். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கோகிலவாணி நகர்ந்து வழிவிட்டாள்.

அன்றிலிருந்து அதுதான் அவள் வேலை. யாழினி மில் வேலையை முடித்து வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்குப் படுப்பாள். துளசிமணி பாய் ஓரத்தில் சுவரில் சாயாமல் உட்காருவாள். சாய்ந்தால் கண் செருகும். ரயில் போகும்போது சத்தத்தில் மூச்சு கேட்காது என்பதால் கையை அந்தப் பெண்ணின் முதுகில் வைத்துக்கொள்வாள். முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு திங்கட்கிழமை, பதினோரு மணிக்கு, கைக்குக் கீழே முதுகு இறங்கியது. ஏறவில்லை. துளசிமணி எண்ணினாள்: ஒன்று, இரண்டு, மூன்று.  தோளைப் பிடித்து உலுக்கினாள். யாழினி கண்ணைத் திறக்காமலேயே நீளமாக ஒரு மூச்சை இழுத்து, திரும்பிப் படுத்து, தொடர்ந்து தூங்கினாள். துளசிமணி கையை மறுபடி அவள் முதுகில் வைத்தாள். மாலை கோகிலவாணி வந்ததும் சொன்னாள்: "ஒரு தடவை." செவ்வாயும் ஒரு தடவை.

புதன்கிழமை கோகிலவாணி ஐந்தரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளறைக் கதவுவரை போய், மகள் எழுந்து தலை சீவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இன்னைக்கு எத்தன தடவைங்க?"

ஒன்று என்று சொல்லிவிடலாம். ஒரு ராத்திரியாவது அந்த அம்மாள் நிம்மதியாகப் படுப்பாள். துளசிமணி சுவரைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"நாலுங்க."

கோகிலவாணி சொம்பை எடுத்துத் தண்ணீர் மோந்தாள். குடிக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். 

"நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனே வாரீங்களா மேடம்? நானும் வெள்ளனே போனா இன்னொரு தட்டு ஊத்தலாம்." என்றாள்.